ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கணக்கு



பாரிஸ் ஒலிம்பிக் முடிந்ததிலிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி விடாமல் வந்துகொண்டிருக்கிறது. "என் மகளுக்குத் துப்பாக்கி சுடுதலில் ஆசை. எங்கள் மாவட்டத்தில் எங்கே சேர்ப்பது?" கேட்பவர்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, விவசாயிகள் உண்டு, ஆட்டோ ஓட்டும் அப்பாக்கள் உண்டு. 2024இல் மனு பாக்கர், சரப்ஜோத் சிங், ஸ்வப்னில் குசாலே ஆகியோரின் கைகளால் மூன்று வெண்கலம் நம் நாட்டுக்கு வந்த விளையாட்டு இது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜும் அதே பாரிஸில் இந்தியாவுக்காகக் குறி பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

இன்னொரு வகைக் கடிதமும் வருகிறது. "எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுடுதளம் வரப்போவதாகப் பேச்சு. விடலாமா?" இதை எழுதுகிறவர்களின் நெஞ்சில் என்ன பயம் இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2021 டிசம்பர் 30ஆம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பசுமலைப்பட்டியில் இருந்த துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தச் சிறுவன் இறந்துபோனான்.

இந்த இரண்டு கடிதங்களையும் எதிரெதிராக நிறுத்திப் பார்க்க எனக்கு மனமில்லை. மகளைச் சேர்க்க இடம் தேடும் தந்தையும் பிள்ளைகள் விளையாடும் தெருவுக்காகப் பயப்படும் தாயும் கேட்பது ஒன்றைத்தான்: பொறுப்பாகக் கட்டி, பொறுப்பாக நடத்தும் ஓர் இடம். துப்பாக்கியை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு தோட்டாவும் வேலிக்குள்ளேயே நிற்க வேண்டும். நின்ற தோட்டாவின் ஈயம் மண்ணில் கரையும் முன்பு திரும்ப எடுக்கப்பட வேண்டும். அது எழுப்பும் சத்தத்துக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை முதல் செங்கல் வைக்கும் முன்பே எழுதி வைக்கிற ஊர் சுடுதளத்தைத் தாராளமாக வரவேற்கலாம். எழுத முடியாத இடத்தில் எவ்வளவு பெரிய பதக்கக் கனவு இருந்தாலும் கட்டக் கூடாது. இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இதைத்தான்.

பொதுத் தளம் எதற்கு?

சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. அவற்றில் பயின்று மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று முன்னேறியவர்கள் பலர். ஆனால் கிளப் என்றால் உறுப்பினர் கட்டணம் உண்டு. பயணச் செலவு உண்டு. ஏர் ரைபிள், பிரத்யேகக் கோட்டு, காலணி என்று தொடர்ந்து கைப்பணம் போகும். தில்லி துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த கர்ணி சிங் சுடுதளம் பல தலைமுறை வீரர்களை வளர்த்திருக்கிறது. அது போல அரசு முன்னின்று நடத்தும் இடம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால்தான், திருவாடானையில் படிக்கும் மாணவிக்கும் அரூரில் படிக்கும் மாணவனுக்கும் இந்த விளையாட்டு ஒரு வாய்ப்பாக மாறும்.

பொதுத் தளத்துக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகியவற்றின் கண்காணிப்புக்குள், பதிவேடும் பயிற்சியாளரும் நேர ஒழுங்கும் உள்ள இடத்தில் சுடும் ஒருவர், துப்பாக்கியின் ஆபத்தை மதிக்கக் கற்றுக்கொள்கிறார். முறையான இடம் இல்லாத ஊரில் ஆசை அடங்கிவிடுவதில்லை. ஏர்கன்னை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கும் தோப்புக்கும் போகிறது. அங்கே கொக்கும் புறாவும் குறியாகின்றன.

முதல் முடிவு, இடம்

சுடுதளத்தில் பின்னால் திருத்தவே முடியாத பிழை, இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது. சுவரை உயர்த்தலாம், கூரையை மாற்றலாம்; நிலத்தை நகர்த்த முடியாது.

தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் பார்ப்போம். போட்டிகளில் 50 மீட்டருக்குச் சுடும் சின்னஞ்சிறு பாயின்ட் 22 தோட்டாவின் எடை 2.6 கிராம்தான். தடுப்பார் இல்லாவிட்டால் அது ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போய் ஆளைக் காயப்படுத்தும். படையினர் பயன்படுத்தும் ரைபிளின் தோட்டாவோ 3 கிலோமீட்டரையும் தாண்டக்கூடியது. எனவே திட்ட வரைபடம் தளத்தின் வேலியோடு நின்றுவிடக் கூடாது. சுடும் திசையில், தோட்டா எட்டக்கூடிய கடைசி எல்லை வரைக்கும் உள்ள ஒவ்வொரு வீட்டையும், ஒற்றையடிப் பாதையையும், ஆடு மேய்க்கும் இடத்தையும் அதில் குறிக்க வேண்டும். இன்று அங்கே யாரும் இல்லை என்பது போதாது. பத்து ஆண்டுகளில் அங்கே மனைப்பிரிவுக் கொடி பறக்குமா என்றும் கேட்க வேண்டும். நம் ஊர்கள் வளரும் வேகம் நமக்குத் தெரியாததல்ல.

கைவிட்ட கல்குவாரி இதற்குப் பொருத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று பக்கமும் பாறைச் சுவர் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். பாறைதான் அங்கே பெரிய ஆபத்து. மண்ணில் பாயும் தோட்டா புதைந்துவிடும். பாறையில் படும் தோட்டா தெறித்து, யாரும் கணிக்க முடியாத திசையில் திரும்பும். குவாரிக் குழியில் தேங்கும் நீர் நிலத்தடி நீரோடு உறவாடுவதும் உண்டு. அந்த நீரில் ஈயம் சேர்ந்தால் ஊர்க் கிணறு வரைக்கும் கவலைப்பட வேண்டியிருக்கும்.

ஏரி, கண்மாய், ஓடை, வரத்து வாய்க்கால் ஆகியவற்றின் ஓரத்தில் சுடுதளம் கூடவே கூடாது. புறம்போக்கு நிலம் எளிதாகக் கிடைக்கிறது என்று நீர்வழியில் கட்டிவிட்டு, வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு விழிப்பது நமக்குப் பழகிப்போன துயரம். மண்ணையும் பார்க்க வேண்டும். கடலோர மணலில் நீர் சட்டென்று இறங்கிவிடும், கரைந்த ஈயத்தையும் கூட்டிக்கொண்டு. களிமண் மிகுந்த நிலம் ஈயத்தைப் பிடித்து வைக்கும். அமிலத் தன்மை கொண்ட செம்புறை மண்ணில் ஈயம் விரைவாகக் கரையும். ஆகவே நிலத்தை எடுக்கும் முன்பு மண் பரிசோதனையும் நிலத்தடி நீர்மட்டமும் கையில் இருக்க வேண்டும்.

திசையும் ஒரு சேதி. நம் போன்ற வடகோள நாடுகளில் வெளித் தளங்களை வடக்கு நோக்கிச் சுடும்படி அமைப்பது வழக்கம். வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கம் விழும், கண் கூசாது. கண் கூசாத வீரர் தவறுவது குறைவு, ஆகவே இதுவும் பாதுகாப்புதான்.

தோட்டாவை நிறுத்துவது

குறிப்பலகைக்குப் பின்னால் எழுப்பும் மண்மேடுதான் வெளித் தளத்தின் உயிர். கண்மாய்க் கரையைப் போலவே இதையும் அடுக்கடுக்காகக் கொட்டி, இறுக்கி, புல் வளர்த்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்த்துப் பழுது நீக்க வேண்டும். தோட்டா பாயும் முகப்பில் ஒரு முழ ஆழத்துக்காவது கல் கலவாத, சலித்த மண் வேண்டும். சரிவு செங்குத்தாக இருந்தால் தோட்டா புதையும். சாய்ந்து கிடந்தால் வழுக்கி மேலே எழும்பும்.

ஆனால் மேடு மட்டும் போதாது. 50 மீட்டர் தொலைவில் 5 மீட்டர் உயர மேடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் துப்பாக்கி 4 டிகிரி கூடுதலாக மேலே தூக்கினால் போதும், தோட்டா மேட்டைத் தாண்டிவிடும். 4 டிகிரி என்பது தும்மல் வந்தால் கை நகரும் அளவு. அதனால்தான் நல்ல தளங்களில் சுடும் வரிசைக்கும் குறிக்கும் நடுவே, தலைக்கு மேலே குறுக்குத் தடுப்புகள் தொங்கும். நிற்கும் இடத்திலிருந்து எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தடுப்பு, பக்கச் சுவர், மண்மேடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுதான் கண்ணில் பட வேண்டும். வெறும் வானம் தெரியக் கூடாது. திறப்பு விழாவுக்கு முன்பு மாவட்ட அதிகாரிகள் ஒவ்வொரு தடத்திலும் நின்று, உட்கார்ந்து, படுத்துப் பார்க்க வேண்டிய சோதனை இது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கண்கள் போதும்.

கட்டடம் பாதி, ஒழுங்கு பாதி. சுடும் நேரம் முழுவதும் சிவப்புக் கொடி பறக்க வேண்டும். துப்பாக்கியின் வாய் எப்போதும் குறியை நோக்கியே இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. குறிப்பலகையைப் பார்க்க ஒருவர் முன்னே போகும்போது, எல்லாத் துப்பாக்கிகளும் காலியாக, திறந்த நிலையில் மேசை மேல் கிடக்க வேண்டும். ரேஞ்ச் ஆபீசரின் சொல்லே அங்கே கடைசிச் சொல். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: ஆபத்தைக் கண்டால் அங்கே நிற்கும் யார் வேண்டுமானாலும், பத்து வயதுப் பிள்ளையானாலும், "நிறுத்து" என்று குரல் கொடுக்கலாம். அந்தக் குரலுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். எந்தப் பதவியில் இருப்பவர் வந்தாலும் விதி ஒன்றுதான் என்பதைத் தளத்தின் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

மண்ணில் விழும் ஈயம்

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் பேசாத விஷயம் ஈயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் ஆனது; தோட்டாவில் இருப்பது நஞ்சான காரீயம். உலக சுகாதார நிறுவனம் ஈயத்தில் இவ்வளவுக்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது நிரந்தரமாகக் கெடுக்கும்.

அலட்சியம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்னும் கடலோர ஊர் சாட்சி. அங்கே லார்ட்ஷிப் முனையில் ரெமிங்டன் ஆர்ம்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 70 ஆண்டுகள் சுடுதளம் நடத்தியது. பறக்கும் தட்டுகளை நோக்கிச் சுட்ட ரவைகள் கரையிலும் கடல்நீரிலும் விழுந்தன. தளம் 1980களில் மூடப்பட்ட பிறகு கணக்குப் பார்த்தபோது, சுமார் 2,400 டன் ஈய ரவையும் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான எடையில் உடைந்த தட்டுத் துண்டுகளும் அங்கே சேர்ந்திருந்தன. மீனவர் சங்கம் நீதிமன்றம் போனது. சுற்றிலும் கிடக்கும் ரவையும் தட்டுத் துண்டும் கழிவுதான் என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஒரு நாளும் அங்கே யாரும் வேண்டுமென்றே விஷம் கொட்டவில்லை. விளையாடினார்கள், வீட்டுக்குப் போனார்கள். திரும்ப எடுக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை.

நம் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஒரு ரவை சுமார் அரை கிராம். 60 முறை சுட்டால் 30 கிராம். அதுவும் குறிக்குப் பின்னால் உள்ள இரும்புப் பெட்டியில் அப்படியே சேர்ந்துவிடும். 50 மீட்டர் பாயின்ட் 22இல் 60 முறை சுட்டால் சுமார் 156 கிராம். டிராப், ஸ்கீட் போன்ற ஷாட்கன் போட்டிகளில் கதை வேறு. ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயம் நூற்றுக்கணக்கான ரவைகளாகச் சிதறும். இருபது பேர் வாரத்துக்கு நூறு முறை சுட்டால் 48 கிலோ; ஓர் ஆண்டில் ஏறத்தாழ இரண்டரை டன். இது ஒரே இடத்தில் விழாமல் 200 மீட்டர் தொலைவு வரை விரிந்து விழும். தட்டுகளும் சும்மா இல்லை. சுண்ணாம்புக் கல்லையும் கீலையும் கலந்து செய்தவை அவை. அந்தக் கீலில் புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்கள் இருக்கக்கூடும்.

பறவைகளுக்கு இது கூடுதல் ஆபத்து. வாத்தும் கௌதாரியும் இரையை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். ரவைக்கும் கல்லுக்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. ஓரிரு ரவையே ஒரு வாத்தைக் கொன்றுவிடப் போதும். இதனால்தான் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சதுப்பு நிலங்களில் ஈய ரவைக்கான தடை 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மங்கோலியாவிலிருந்து பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும் கூந்தன்குளம் நம்முடையது. நாம் இதை அயல்நாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால் இதற்கான வழி தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001இல் வெளியிட்டு 2005இல் திருத்திய கையேடு நான்கு கடமைகளைச் சொல்கிறது. ஈயத்தைக் குறிப்பிட்ட இடத்துக்குள் விழச் செய்வது, அது நகராமல் தடுப்பது, காலாகாலத்தில் எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது, செய்த எல்லாவற்றையும் எழுதி வைப்பது. மண்ணின் பிஎச் அளவு 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் ஈயம் அதிகம் கரையாது. அமிலம் கூடினால் சுண்ணாம்புத் தூள் தூவலாம், அளவு பார்த்து. பாஸ்பேட் சேர்த்தால் ஈயம் கரையாத கனிமமாகக் கட்டுப்படும். மேட்டுச் சரிவில் மண் அரிக்காமல் இருக்க நம் ஊர் வெட்டிவேரே போதும். ஆழமாக வேர் பிடிக்கும், ஈயம் கலந்த மண்ணையும் தாங்கும். மேட்டிலிருந்து வழியும் மழைநீர் நேரே வாய்க்காலுக்குப் போகாமல், தேக்கி வண்டல் படிய விடும் குட்டை ஒன்று கட்டாயம்.

நம் நாட்காட்டிக்கு ஏற்ப இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அக்டோபரில் மழை பிடிக்கும் முன்பு, செப்டம்பரிலேயே மேட்டு மண்ணைச் சலித்து ஈயத்தை எடுத்துவிட வேண்டும். மழை நின்ற பிறகு கிணற்று நீரையும் குட்டை நீரையும் பரிசோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

எடுத்த ஈயத்தைக் காயலான் கடைக்குப் போடுவதும் தவறு. 327 டிகிரியில் உருகிவிடும் உலோகம் அது, விறகடுப்பே போதும். குடியிருப்புக்கு நடுவே அதை உருக்கும் புகையில் முதலில் நோயாளியாவது அந்த வீட்டுக் குழந்தை. அபாயக் கழிவு விதிகள் 2016இன்படி அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கே அது போக வேண்டும். வரும் பணம் தளத்தின் பராமரிப்புக்கே உதவும்.

காற்றும் கைகளும்

உள்ளரங்கத் தளம் மண்ணைக் காப்பாற்றும்; காற்றைக் கவனிக்க வேண்டும். வெடிமருந்துத் தோட்டாவின் பற்றுமருந்திலேயே ஈயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது நுண்புகையாகச் சுடுபவரின் முகத்தருகே எழுகிறது. காற்று அவருடைய முதுகுப் பக்கமிருந்து குறியை நோக்கி, நொடிக்கு சுமார் 0.38 மீட்டர் வேகத்தில் சீராக ஓடி, வடிகட்டி வழியாக வெளியேற வேண்டும். மின்விசிறியை மாட்டிவிட்டுக் காற்றோட்டம் வந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. விசிறி அந்தப் புகையைச் சுழற்றி முகத்திலேயே திருப்பி அடிக்கும்.

தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அல்லது நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய உறிஞ்சு கருவி வேண்டும். அங்கே கூட்டித் துடைக்கும் அக்காவின் உடல்நலமும் திட்டத்தின் பகுதிதான். அவருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஆண்டுதோறும் இரத்தத்தில் ஈய அளவுப் பரிசோதனை செய்ய வேண்டும். சுடும் இடத்தில் டீ, வடை, தண்ணீர் பாட்டில் எதுவும் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். போட்டிருந்த செருப்போடும் சட்டையோடும் வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது.

சத்தத்துக்கும் ஒரு நியாயம்

பாயின்ட் 22 ரைபிளின் வெடியொலி காதருகே 140 டெசிபலை ஒட்டி இருக்கும். ஷாட்கன்னோ 150ஐத் தாண்டும். சுடுபவருக்குக் காதுக்காப்பு உண்டு. அடுத்த தெருவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு எது காப்பு? ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இந்த அளவு சராசரியாகப் பார்ப்பது. வெடிச்சத்தம் கண நேரம்தான் நீடிக்கும். சராசரியில் அது மறைந்துபோகும், மனிதரின் நெஞ்சில் மறையாது. ஆகவே ஒவ்வொரு வெடியின் உச்ச ஒலியையும் அளந்து காட்டும்படி ஊரார் கேட்க வேண்டும்.

பக்கங்களில் மண்மேடு, சுடும் வரிசைக்கு மேலே ஒலி உறிஞ்சும் கூரை, வீடுகள் இல்லாத திசையை நோக்கிய அமைப்பு ஆகியவை சத்தத்தைப் பெருமளவு குறைக்கும். மார்கழி விடியலில் குளிர்காற்று தரையோடு படிந்திருக்கும்போது ஒலி வெகுதூரம் கேட்கும். அந்த வேளையில் சுடாமல் இருப்பதே நல்லது. பொதுத் தேர்வு நாட்களிலும் ஊர்த் திருவிழாவிலும் துக்க நிகழ்வுகளிலும் தளம் மௌனமாக இருக்கட்டும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் மத்தாப்பு ஆசையையே பறவைக்காக விட்டுக்கொடுத்தவர்கள் நம் மக்கள். அத்தகைய நாட்டில் சுடுதளம் கட்டுகிறவர்கள் சத்தத்தைப் பற்றி ஊராரோடு பேசாமல் கட்டுவது எந்த வகையிலும் முறையல்ல.

பணமும் பொறுப்பும்

இவ்வளவையும் செய்யப் பணம் வேண்டும். அமெரிக்காவில் 1937இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி, நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. பொதுச் சுடுதளங்களைக் கட்டவும் அதிலிருந்து மாநிலங்களுக்குப் பணம் கிடைக்கிறது. 2019இல் வந்த திருத்தம் அதை இன்னும் எளிதாக்கியது. அரிசோனா மாநிலத்தின் வனவிலங்குத் துறை ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே 1,650 ஏக்கரில் நடத்தும் பென் ஏவரி சுடுதளம் இப்படிப்பட்ட பொது இடங்களில் பெரியது. அந்தத் தளம் ஒரு பத்திரிகையாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது எழுத்துத் தொழிலில் இருக்கும் எனக்குப் பெருமை.

அந்த நாட்டின் துப்பாக்கிப் பண்பாடு நமக்கு வேண்டியதில்லை. அங்கே அது உண்டாக்கும் மரணங்களை நாம் அறிவோம். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிதிக் கொள்கையை மட்டும்: பயன்படுத்துகிறவர்களின் பணத்தில் ஒரு பங்கு, பாதிக்கப்படக்கூடிய மண்ணுக்கும் உயிருக்கும் திரும்பப் போக வேண்டும். நம் தளங்களில் ஒவ்வொரு கட்டணச் சீட்டிலும் ஒரு சிறு பகுதியைத் தூய்மை நிதியாக ஒதுக்கலாம். ஒரு நாள் தளம் மூடப்பட்டால், மண்ணைச் சுத்தம் செய்து நிலத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் செலவும் அந்த நிதியில் இருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

என் யோசனை இது. ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலில் ஒரு 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் அரங்கம் வரட்டும். மாவட்ட விளையாட்டு வளாகத்தில் ஒரு மூடிய கூடம் போதும். வெடிமருந்து இல்லை, ஊரை எழுப்பும் சத்தம் இல்லை. ரவை முழுவதும் பெட்டியில் சேர்ந்துவிடும். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தங்கம் தந்த அபினவ் பிந்த்ராவின் போட்டி இந்த 10 மீட்டர்தான். 2008இல் பெய்ஜிங்கில் அவர் வென்ற பிரிவுக்குத் தேவையான இடத்தை நம் எல்லா மாவட்டத் தலைநகரங்களும் தர முடியும். ஐந்தாறு ஆண்டுகள் ஒழுங்காக நடத்திக் காட்டிய மாவட்டங்களில் 25, 50 மீட்டர் தளங்களை யோசிக்கலாம். ஷாட்கன் தளத்துக்குப் பெரிய பரப்பும் பெரிய பொறுப்பும் வேண்டும். மாநிலத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் போதும். அவற்றையும் இரும்பு ரவைக்கு மாறும் வழியைப் பார்த்தபடியே திட்டமிட வேண்டும்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் சுடுதளப் பேச்சு எழுந்தால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் உங்கள் கையில் இருக்கின்றன. ஆமாம், வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பு ஐந்து கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்.

தவறிச் சுட்ட தோட்டா எங்கே போய் நிற்கும்? வரைபடத்தைக் காட்டுங்கள்.

விழும் ஈயத்தை யார், எந்த மாதத்தில், எங்கே கொண்டுபோவார்கள்?

மழைநீர் எந்தப் பக்கம் வடியும், எந்தக் கிணற்றைப் பரிசோதிப்பீர்கள்?

எந்த நேரத்தில் சுடுவீர்கள், எங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு சத்தம் கேட்கும்?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்தத் தளம் உங்கள் ஊருக்கு வரட்டும்; உங்கள் மகளும் அங்கே ரைபிள் பிடிக்கட்டும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், பதில் வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். கிடைத்த பதில்களை எங்களுக்கும் அனுப்புங்கள். நல்ல பதிலாக இருந்தால் மற்ற ஊர்களுக்குப் பாடமாக அச்சிடுவோம். பதில் மறுக்கப்பட்டால் உங்கள் கேள்வியோடு நம் இதழின் கேள்வியும் சேர்ந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்.

நார்த்தாமலையில் பிள்ளையை இழந்த அந்தக் குடும்பத்துக்கு நாம் ஈடாக எதையும் தர முடியாது. இனி கட்டப்படும் எந்தத் தளத்திலிருந்தும் ஒரு தோட்டாகூட வேலி தாண்டாது என்கிற ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவது நம்மால் முடியும். அதைக் கேட்பதற்கு உங்களோடு சேர்ந்து நிற்க நாங்கள் தயார்.

அன்புடன்,
ஆசிரியர்